ஏழு மாதக் குழந்தைக்குச் சாத்துக்குடி கொடுக்கலாமா?

கேள்வி (மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்):
எங்கள் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கேழ்வரகுக் கூழும் பருப்பு சேர்த்துக் குழைத்த சாதமும் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறாள். சென்ற வாரம் என் மாமியார் சாத்துக்குடியைப் பிழிந்து, பாலாடையில் இரண்டு மடக்கு புகட்டினார். சற்று நேரத்தில் வாயைச் சுற்றியும் முகவாயிலும் சிவந்து, ஒரு மணி நேரத்தில் தானாகவே மறைந்தது. இது ஒவ்வாமையா? ஐப்பசி மழையில் புளிப்புப் பழம் கொடுத்தால் சளி கட்டும் என்று அம்மா வேறு பயமுறுத்துகிறார்.

பதில் (கும்பகோணம், இரண்டு பிள்ளைகளின் தாய்):
என் மூத்தவனுக்கும் இப்படித்தான் சிவந்தது. பல் முளைக்கும் சமயம் என்பதால் ஓயாமல் எச்சில் வடிந்து முகவாய் முன்பே புண்ணாகியிருந்தது. அதன்மேல் புளிப்புச் சாறு பட்டால் எரியத்தானே செய்யும்! பிறகு பழம் ஊட்டும் முன் வாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பேன். ஊட்டியதும் ஈரத்துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன்.

பதில் (தஞ்சாவூர், செவிலியர்):
சாறு பட்ட இடம் மட்டும் சிவந்து மறைந்தால், அது பெரும்பாலும் பழத்தின் அமிலம் தோலை உறுத்தியதுதான். சாறு படாத மார்பிலோ வயிற்றிலோ தடிப்புகள் எழுந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், உதடோ கண்ணிமையோ வீங்கினாலும் ஒவ்வாமை என்று கருதி உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். கரப்பான் என்னும் தோல் நோய் உள்ள குழந்தையாக இருந்தால், மறுபடி கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு வயது முடியும்வரை சாறாகப் பிழிந்து கொடுக்க வேண்டாம். சுளையின் மேல்தோலையும் விதையையும் நீக்கி, உள்ளிருக்கும் சதையை மட்டும் விரலால் மசித்து ஒரு தேக்கரண்டி ஊட்டுங்கள். அந்தத் தோலைக் குழந்தையால் மெல்ல முடியாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கூழ் கொடுக்கும் வேளையிலேயே இதையும் கொடுத்தால், கேழ்வரகிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி துணைசெய்யும். சளி கிருமியால் வருவது. அதற்குப் பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதில் (திருவையாறு, ஒரு பாட்டி):
பாலும் புளிப்பும் சேர்ந்தால் வயிற்றில் திரிந்துவிடாதா? எங்கள் வீட்டில் வாய்க்கசப்புக்கு உப்பு நார்த்தங்காயை நாக்கில் தடவியே பிள்ளைகளை வளர்த்தோம்.

பதில் (தஞ்சாவூர், செவிலியர்):
பால் எப்படியும் இரைப்பையில் திரிந்துதான் செரிக்கிறது, அம்மா. நார்த்தங்காய் பெரியவர்களின் தயிர்சாதத்துக்கு இருக்கட்டும். அவ்வளவு உப்பைச் சிறுநீரகம் முதிராத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. புளிப்பைக் குறைக்கத் தேன் கலப்பதும் ஒரு வயதுக்குள் ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முகவாய்ப் புண் ஆறியதும், காலைக் கூழோடு ஒரு தேக்கரண்டி கொடுத்துப் பார்க்கிறேன். மூன்று நாளைக்கு வேறு புதிய உணவு எதுவும் தரப்போவதில்லை. பாலாடையை மாமியாரிடமிருந்து வாங்கி வைப்பதுதான் சிரமம்.