புள்ளி, கோடு, தளம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளை கணக்கு டீச்சர்:
பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பூச்சு வேலையில் பார்த்தது. கொத்தனார் எடுத்த எடுப்பில் கலவையை அடித்துவிடவில்லை. சுவரின் மேல்மூலையில் கொஞ்சம் அப்பி, அதன்மேல் டைல்ஸ் துண்டு ஒன்றை ஒட்டினார். தூக்குக்குண்டு விட்டு நேர்கீழே இன்னொன்று. மறுபக்கமும் அதே மாதிரி. பிறகு மேல் துண்டிலிருந்து கீழ்த் துண்டுவரை கலவையால் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை. இரண்டின் மேலும் படுகிற மாதிரி மட்டக்கட்டையை வைத்து இழுத்தார். சுவர் தட்டையாக வந்துவிட்டது. புள்ளி, கோடு, தளம். பாடப்புத்தகத்தில் வருகிற அதே வரிசை!

நாலாவது துண்டுக்கு மட்டும் மூலைக்கு மூலை நூல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு நூலும் நடுவில் தொட வேண்டுமாம்.

"ஏன் அண்ணாச்சி, அதுக்கு மட்டும் இவ்வளவு நேரம்?"

"மூணு எப்படி வச்சாலும் ஒத்துப்போவும் டீச்சர். நாலாவதுதான் வம்பு பண்ணும்."

ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம்தான் போகும். நாலாவது அதில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜங்ஷன்காரன்:
சரி, தளமே வேறானால்? நம்ம திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்துக்கு வாங்க, 1973இல் திறந்தது. தம்பி மகனோடு மேலே நின்றபோது கீழே ரயில் போனது. "பெரியப்பா, ரோடும் தண்டவாளமும் முட்டவே முட்டாது. அப்போ இணைகோடா?" என்றான். இல்லை. இணைகோடு என்றால் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு தளமும் கிடையாது. மேலடுக்கும் கீழடுக்கும் வேண்டுமானால் இணைதளங்கள் (பாலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்டுக்காதீங்க).

அம்பை சர்வேயர்:
டீச்சர், எங்கள் கருவி முக்காலியில் நிற்பதும் அதனால்தான். வரப்பு எப்படி மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கால் ஆடாது. டீக்கடை பெஞ்சுக்கு நாலு கால், அட்டை மடித்து வைத்தே தீரணும்.

புள்ளியைப் பற்றி ஒன்று. எல்லைக்கல்லுக்குப் பருமன் உண்டு, புள்ளிக்குக் கிடையாது. கல்லின் தலையில் கூட்டல் குறி வெட்டியிருந்தால், அந்த இரண்டு கோடும் சந்திக்கிற இடம்தான் எல்லை. அப்படியும் கல்லுக்கு அந்த ஓரமா இந்த ஓரமா என்று அண்ணன் தம்பிகள் சண்டையோடு வருவார்கள்.