யுடிஆரில் பட்டா மாறிய நிலம்: எஸ்எல்ஆர் மட்டும் போதுமா?

சிவகங்கை மாவட்டம், பழைய ஜமீன் கிராமம், புஞ்சை 1 ஏக்கர் 54 சென்ட். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் வந்த எஸ்எல்ஆரில் (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு) தாத்தா பெயர். யுடிஆரில் (பிறகு நடந்த நில ஆவணப் புதுப்பிப்பு) நிலம் ஹெக்டேர் 0.31.0, 0.31.5 என இரண்டு உட்பிரிவாகி, இரண்டாவது பக்கத்து நிலக்காரர் பெயருக்குப் போய்விட்டது. அனுபவம் இன்றுவரை எங்களிடம்தான்.

எஸ்எல்ஆர், யுடிஆர் 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல்கள் வாங்கியாச்சு. 1950 முதல் மேனுவல் வில்லங்கம் (பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையால் தேடித் தரும் சான்று) பார்த்ததில் தாத்தா யாருக்கும் விற்ற பதிவே இல்லை. மூலப்பத்திரம் கிடையாது (ஜமீன் நிலத்துக்கு எங்கே இருக்கும்!). யுடிஆருக்கு முந்தைய அடங்கல் (கிராம சாகுபடிக் கணக்கு) கிழிந்துவிட்டதாம். கிஸ்தி (நிலவரி) ரசீது சில உண்டு, சர்வே எண் இல்லாமல் பழைய பட்டா எண்ணோடு. தாசில்தார், யுடிஆர் பிழைக்கு டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) போகச் சொல்கிறார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் அங்கே சிவில் கோர்ட்டைக் காட்டிவிடுவார்கள்.

பட்டா மட்டுமே உரிமை ஆகாது என்பது தெரியும். இந்த ஆதாரங்களோடு டிஆர்ஓ மேல்முறையீடு நிற்குமா, நேரே சிவில் கோர்ட்டில் விளம்புகை வழக்கே (உரிமை எங்களுடையது என அறிவிக்கக் கோருவது) போடலாமா?