நெஞ்சுத் தசை வைத்துக் கன்னம் தைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மாமனாருக்கு இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம். கோவையில் ஆபரேஷன் முடிந்தது. வெட்டி எடுத்த இடத்தை மூட, நெஞ்சுத் தசையை மேல்தோலோடு சேர்த்து, கழுத்துத் தோலுக்கு அடியில் கொண்டுவந்து வாய்க்குள் தைத்திருக்கிறார்கள். ரத்தக் குழாய் அறுபடாமல் கூடவே வருவதால் தசை உயிரோடு இருக்கும். 1979 முதல் பெயர் பெற்ற முறை. தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக் குழாயை இணைப்பதும் உண்டு. ஆனால் அதற்கு நேரம் அதிகம். இவருக்கோ இதயம் பலவீனம். டாக்டர் முடிவு சரி என்றுதான் எனக்கும் பட்டது.

தையல் ஆறிவிட்டது. கழுத்தில் தசை போகும் இடம் மேடாகத் தெரிகிறது. கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இந்தக் குளிரில் ஸ்வெட்டரை மாமியார்தான் மாட்டிவிடுகிறார். அப்புறம், நெஞ்சு முடி வாய்க்குள் வளர்கிறது! டாக்டர் முன்பே சொன்னதுதான், ரேடியேஷனில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுமாம். பேரன் மட்டும் "தாத்தாவுக்கு வாய்க்குள்ள தாடி" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இப்படிப்பட்ட தோளுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? ரேடியேஷன் வாரம் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம். தினமும் மலை இறங்கி ஏற அவரால் ஆகாது. கோவையில் சமைத்துக்கொள்ளும் வசதியோடு குறைந்த வாடகை அறை இருந்தாலும் சொல்லுங்கள். மூக்குக் குழாயை எடுத்தபின் ராகிக் கூழ் தவிர என்ன கொடுத்தீர்கள்?