வலசு வீட்டுக் குழு: புது வண்டிக்குள் ஒரு நாத்தம்

வியாழன், இரவு 7:41

சக்தி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. வண்டி வாங்கி நாலு மாசம்தான் ஆகிறது. 6,200 கிலோமீட்டர். மூணு நாளாக உள்ளே உட்கார முடியவில்லை. ஞாயிறு காலை ஏற்காடு எக்ஸ்பிரஸில் கோகுலுக்குப் பேசியிருக்கிற வீட்டார் ஈரோட்டில் இறங்குகிறார்கள். அங்கிருந்து அரச்சலூர் வழியாக நேராகச் சிவன்மலை முருகன் கோயில், இந்தச் சம்பந்தத்துக்குச் சாமியிடம் பூக் கேட்டு உத்தரவு வாங்க. அவ்வளவு தூரமும் இந்த வண்டியில்தான். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மோகனா: என்ன நாத்தம்ணா?

சக்தி: நாத்தம்தான்.

கோகுல்: உன் ஷூவைக் கழற்றி வெளியே வீசிவிட்டுப் பாருண்ணா

சக்தி: உள்ளே உட்காரப் போவது உன் மாமனார்டா

கோகுல்: ஐயோ. சரி சரி. சீரியஸாகப் பார்ப்போம்.

தாராபுரம் அத்தை: புது வண்டி எடுத்த அன்றைக்கே கண்ணேறு கழிக்கச் சொன்னேன். யார் கேட்டீர்கள்.

காங்கேயம் மாப்பிள்ளை: சர்வீஸில் காட்டலாமே மச்சான்

சக்தி: போனில் கேட்டேன் மாப்பிள்ளை. புது வண்டி வாசம் அப்படித்தான் சார், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஈரோடு பெரியப்பா: நாத்தம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது சக்தி. பணிமனையில் 31 வருஷம் மூக்கை வைத்துத்தான் பாதி வேலை பார்த்தேன். புது வண்டி வாசம் என்பது பிளாஸ்டிக்கும் பசையும் ரெக்சினும் விடுகிற ஆவி. வெயிலில் கூடும், நாளாக நாளாகக் குறையும். நாலாவது மாசத்தில் புதிதாகக் கிளம்பாது. அதனால் அதை விடு. உன்னுடையது எந்த வாடை? தித்திப்பாக வந்தால் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் உள்ளே கசிகிறது, முன் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஆவி படியும். அழுகின முட்டை என்றால் பெட்ரோல் வண்டியில் புகைக் குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இல்லாவிட்டால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது. கருகின வாடை என்றால் கிளட்ச் அல்லது பிரேக். கோகுல் திம்பம் 27 வளைவிலும் கிளட்ச்சை மிதித்தபடியே ஏறினானே, அந்த வாடை எனக்கு இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியையே எடுக்காதே. புகை வாடை உள்ளே வந்தால் உடனே கண்ணாடியை இறக்கு, அதோடு சேர்ந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். மக்கின வாடை, புளித்த வாடை, ஊசின வாடை, கவுச்சி, காறல், முடை. இதில் எது? எப்போது வருகிறது? ஏசி போட்டதுமா, எப்போதுமா? முன்னாலா, பின்னாலா?

கோகுல்: பெரியப்பா, 27 வளைவு நடந்தது 2016ல்

ஈரோடு பெரியப்பா: வாடைக்கு வருஷக் கணக்கு கிடையாது.

கவிதா: ஏசி போட்டதும் இரண்டு நிமிஷம் மக்கின மாதிரி வருகிறதுங்க மாமா. ஈரத்துணியை வாளியிலேயே விட்ட மாதிரி. அப்புறம் அது அடங்கிவிடும். ஆனால் மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தால் பின்னாலிருந்து வேறு மாதிரி. புளிப்பு. நான் மல்லிகை வாசனை இரண்டு பாட்டில் வாங்கி மாட்டிவிட்டேன்.

மோகனா: நங்கை, இப்போது எப்படி இருக்கிறது?

கவிதா: மாலை போட்ட எருமை வண்டிக்குள் நிற்கிற மாதிரி.

ஈரோடு பெரியப்பா: அந்த மல்லிகையை முதலில் எடுத்து வெளியே வை அம்மணி. வாசனை பாட்டில் நாத்தத்தைப் போக்காது, மேலே போர்வை போடும், அவ்வளவுதான். நீ சொல்வதைப் பார்த்தால் இரண்டு நாத்தம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

தாராபுரம் அத்தை: அண்ணா, ஞாயிற்றுக்கிழமைக்குப் பலகாரம் ஒப்புட்டா கச்சாயமா? யாரும் முடிவு சொல்லவில்லை.

அம்மா: [குரல் பதிவு 0:52]

மோகனா: அம்மா ஒப்புட்டு என்கிறது.

தாராபுரம் அத்தை: கச்சாயம் என்றால் நான் செய்து கொண்டு வருவேன். ஒப்புட்டு என்றால் உங்கள் இஷ்டம்.

காங்கேயம் மாப்பிள்ளை: எத்தனை பேர் வருகிறார்கள்? இளநீர் வெட்டச் சொல்ல வேண்டும்.

கோகுல்: 5. பாட்டி ஒருத்தர் வந்தால் 6.

தாராபுரம் அத்தை: நம்ம சொந்தத்திலேயே எடுத்திருந்தால் ஸ்டேஷனுக்கு வண்டியும் வேண்டாம், இளநீரும் வேண்டாம்.

இரவு 9:20 வரை யாரும் எதுவும் எழுதவில்லை.

ஈரோடு பெரியப்பா: சக்தி, வேலையைப் பார். நாளைக்குக் காலையில் முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவைக் கழற்று. அதன் பின்னால் காற்று வடிகட்டி இருக்கும். அதை வெளியே இழுத்து ஒரு படம் எடுத்துப் போடு.

வெள்ளி, காலை 6:58

சக்தி: [படம்]

சக்தி: வேப்பஞ்சருகு. கடலை ஓடு ஒரு கைப்பிடி. பஞ்சு. அப்புறம் புழுக்கை.

மோகனா: சீ

கோகுல்: எலிக்கு வீட்டுக்கடன் யார் கொடுத்தது

ஈரோடு பெரியப்பா: நினைத்தேன். மாட்டுக் கட்டுத்தாரைக்குப் பக்கத்தில், வேம்புக்கு அடியில், கடலை மூட்டை அடுக்கிய திண்ணையை ஒட்டி வண்டியை நிறுத்தினால் எலி வராமல் என்ன வரும். முன் கண்ணாடிக்குக் கீழே கறுப்புச் சல்லடை இருக்கிறதே, வெளிக்காற்று உள்ளே போகிற வழி, அது வழியாகத்தான் இறங்கியிருக்கும். கை வைக்காதே, துடைப்பத்தால் தட்டாதே. உறை போட்டுக்கொள், மூக்கைக் கட்டிக்கொள், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடு. எலி மூத்திரத்தால்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. வடிகட்டியைக் கழுவிப் போடுகிற வேலை வேண்டாம், புதிது வாங்கு.

சக்தி: சரிங்க பெரியப்பா. செத்த எலி எதுவும் இல்லை.

ஈரோடு பெரியப்பா: இருந்தால் இரண்டு நிமிஷத்தில் அடங்காது, ஊரையே கூட்டியிருக்கும். இன்னொன்று. ஏசியை ஒரு பத்து நிமிஷம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார். தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளேயே தேங்கும், முன் கால்மிதிக்கு அடியில் ஈரம் கட்டும். சொட்டினால், உள்ளே குளிர்கிற சுருள் மட்டும் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கென்று நுரை விற்கிறது, அடிக்கச் சொல். இனிமேல் வீடு வருவதற்கு மூணு நிமிஷம் முன்னால் ஏசியை அணைத்துவிட்டு வெறும் காற்றை ஓடவிடு. சுருள் காய்ந்துவிடும். எந்நேரமும் உள்காற்றையே சுற்றவிடாதே.

சக்தி: சொட்டுகிறதுங்க. நன்றாகவே சொட்டுகிறது.

அம்மா: [குரல் பதிவு 0:31]

மோகனா: கடலை மூட்டையை எடுக்க முடியாதாம். வண்டியை எடுக்கச் சொல்கிறது.

வெள்ளி, மத்தியானம் 2:10

சக்தி: வடிகட்டி புதிது போட்டாயிற்று. நுரையும் அடித்தாயிற்று. ஏசி நாத்தம் போய்விட்டது. பின்னால் இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

ஈரோடு பெரியப்பா: கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்து. அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்து முகர்ந்து பார். முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். ஒவ்வொரு தடவையும் வெளியே போய் நடந்துவிட்டு வா. ஸ்டெப்னி இருக்கிற குழியையும் பார், அங்கே தண்ணீர் தேங்கும். கடைசியாக வண்டியை யார் யார் எடுத்தார்கள்?

கவிதா: போன வெள்ளி அண்ணன் கொப்பரை மூட்டை இரண்டு போட்டுக்கொண்டு போனாருங்க.

கோகுல்: ஆஹா

தாராபுரம் அத்தை: அதுதான். கொப்பரை வாடை லேசில் போகாது. மாப்பிள்ளை ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

மோகனா: அத்தை, அவர் மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத்தான் போட்டார். நானே பார்த்தேன்.

தாராபுரம் அத்தை: நான் யாரையும் சொல்லவில்லை கண்ணு. பொதுவாகச் சொன்னேன்.

காங்கேயம் மாப்பிள்ளை: சாயந்திரம் வருகிறேன்

ஈரோடு பெரியப்பா: அப்பாரு ஓட்டின அம்பாசிடரில் புண்ணாக்கு, ஆட்டுக்குட்டி, யூரியா, பொகையிலை எல்லாம் ஒட்டுக்காப் போகும். ஒரு நாளும் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. இப்போது எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உட்காருகிறோம், அதுதான் வித்தியாசம்.

கோகுல்: நான் அதில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் பெரியப்பா

வெள்ளி, மாலை 6:33

காங்கேயம் மாப்பிள்ளை: வண்டியைப் பார்த்தேன். டிக்கியில் ஒன்றும் இல்லை. பின் சீட்டு, இடது பக்கம். கொப்பரை கெட்டால் காறும், நாக்கின் அடியில் எண்ணெய் கசக்கிற மாதிரி வாடை. இது புளிப்பு. தேங்காய்தான். ஆனால் என் தேங்காய் இல்லை.

சக்தி: சீட்டின் மேல் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதல்லவா. அதைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, ஓரத்தில் ஒரு அரிசி நூல் ஒட்டியிருக்கிறது.

கோகுல்: அரிசி நூல் என்றால்?

காங்கேயம் மாப்பிள்ளை: சந்தகை

மோகனா: ஓ

கோகுல்: ஓ

தாராபுரம் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: போன ஞாயிறு பெரியம்மாவை அழைத்து வரும்போது சந்தகையும் தேங்காய்ப்பாலும் மடியில்தான் இருந்ததுங்க. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், கவனிக்கவில்லை.

ஈரோடு பெரியப்பா: யார் என்பது முக்கியமில்லை. தேங்காய்ப்பால் என்றால் கொழுப்பும் சர்க்கரையும் புரதமும். மேலே துடைத்தாலும் உறைக்கு அடியில் ஓடி, தையல் வழியாகப் பஞ்சுக்குள் இறங்கிவிடும். வெயில் ஏற ஏறப் புளிக்கும். அந்த பிளாஸ்டிக்கை முதல் நாளே உரித்திருந்தால் ஈரம் காய்ந்தாவது இருக்கும்.

அம்மா: [குரல் பதிவு 0:20]

மோகனா: நிச்சயம் முடியும் வரைக்கும் உறையை உரிக்கக் கூடாதாம்.

தாராபுரம் அத்தை: ரயில்வே கேட்டுப் பக்கம் சக்தி சட்டென்று பிரேக் போட்டான். நான் துணியால் அப்போதே துடைத்துவிட்டேன். அந்தத் தூக்குப் பாத்திரத்துக்கு எப்போதுமே மூடி சரியில்லை. நல்ல தூக்கெல்லாம் பாகம் பிரிக்கும்போது யார் வீட்டு அட்டாலிக்குப் போனது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

மோகனா: அத்தை, இப்போது எதற்கு அது

தாராபுரம் அத்தை: அடியில் ஆத்தா பேர் வெட்டின தூக்கு. இரண்டு கொக்கி வைத்தது. எனக்கென்று சொன்னது.

அம்மா: [குரல் பதிவு 2:46]

மோகனா: இதை யாரும் சத்தமாகப் போடாதீர்கள்.

ஈரோடு பெரியப்பா: சக்தி, சுடுதண்ணீர் ஊற்றாதே, புரதம் பஞ்சோடு பிடித்துக்கொள்ளும். பொருக்கைச் சுரண்டி எடு. பச்சைத் தண்ணீரில் துணி நனைத்து ஒற்றி ஒற்றி எடு, தேய்க்காதே. என்சைம் கலந்த சோப்புக் கரைசல் கிடைக்கும், அதைப் போட்டு அது சொல்கிற நேரம் ஊறவிடு. அப்புறம் ஆப்பசோடா தூவி ராத்திரி முழுக்க விட்டு உறிஞ்சி எடு. நன்றாகக் காயாமல் கதவைச் சாத்தினால் மக்கின வாடை மறுபடி ஆரம்பிக்கும். பின் சீட்டுப் பலகை பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும், தூக்கினால் வரும். ஆனால் முன் சீட்டைக் கழற்றாதே. அடியில் மஞ்சள் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்.

காங்கேயம் மாப்பிள்ளை: ஞாயிற்றுக்குள் காயுமா?

ஈரோடு பெரியப்பா: வெயில் அடித்தால் காயும். அடிக்காவிட்டால் என் வண்டி இருக்கிறது.

கோகுல்: பெரியப்பா, உங்கள் வண்டியில் ஏசியே இல்லை

ஈரோடு பெரியப்பா: நாத்தமும் இல்லை.

காங்கேயம் மாப்பிள்ளை: டிராவல்ஸில் ஒரு வண்டி சொல்லி வைக்கட்டுமா மச்சான்?

சக்தி: நாளைக்குச் சாயந்திரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை.

கோகுல்: பேசாமல் அந்த உறையை, சாமி கனவில் வந்து கேட்கிற பொருளை வைக்கிற சிவன்மலை உத்தரவுப் பெட்டியில் வைத்துவிடலாம்

அம்மா: [குரல் பதிவு 0:06]

மோகனா: உனக்குத்தான் திட்டு.

சனி, மாலை 5:15

சக்தி: பின் சீட்டைத் தூக்கிக் கட்டுத்தாரை மேல் காயப் போட்டிருக்கிறேன். முக்கால்வாசி போய்விட்டது. கவிதா இல்லை என்கிறாள், நான் இருக்கிறது என்கிறேன்.

ஈரோடு பெரியப்பா: உன் மூக்கு பழகிவிட்டது, அவள் மூக்கும் பழகிவிட்டது. வெளி ஆளை விட்டு முகரச் சொல்.

கோகுல்: வெளி ஆள் நாளைக்குக் காலை ஈரோட்டில் இறங்குகிறார்

மோகனா: உறை போட்டாயிற்றாண்ணா?

சக்தி: அம்மா தூங்கட்டும்.

காங்கேயம் மாப்பிள்ளை: டிராவல்ஸ்காரர் கேட்கிறார். வேண்டுமா வேண்டாமா

சனி, இரவு 9:48

தாராபுரம் அத்தை: ஒப்புட்டு யாரோ செய்யட்டும். நான் சந்தகை பிழிந்துவிட்டேன். தேங்காய்ப்பாலும் எடுத்தாயிற்று. சக்தி கண்ணு, என்னை அழைத்துப் போக எத்தனை மணிக்கு வருவாய்?

கவிதா: எந்த வண்டியிலங்க பெரியம்மா?