உதடும் குரலும் ஒட்டவில்லை, வழி சொல்லுங்கள்

பென்னாகரம் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில், பேச்சை முறித்துக்கொண்ட தாய், மகள் கதையைக் கைக்காசில் படமாக்குகிறோம். மகள் திரும்பி வரும் காட்சி 11 நிமிடம், ஒரே ஷாட். அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்தபடி, முகம் நிமிராமலே "சாப்பிட்டாயா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முழுப் படமும். அங்கே வருவதற்குள் குரல் உதட்டைவிட அரை நொடி பிந்திவிடுகிறது.

போன வாரம் எடுத்தது. படம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில், நொடிக்கு 25 பிரேம். ஒலி தனி ரெக்கார்டரில், 48 கிலோஹெர்ட்ஸ். தொடக்கக் கைதட்டலை வைத்துப் பொருத்தினேன். ஒலியின் நீளத்தைச் சுருக்கி முடிவைச் சரிசெய்தால் நடுவில் பிசகுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றியும் பலனில்லை. டப்பிங் வேண்டாம், முறத்தின் ஓசையோடு கலந்த அந்தக் குரல் மறுபடி வராது.

ஒலியைத் துண்டு துண்டாக வெட்டாமல் காட்சி முழுவதும் பொருந்தச் செய்ய என்ன வழி?