கடைசிக் காட்சியில் கொலை: அதிர்ச்சியா, கதாபாத்திரமா?

கேள்வி: ஷான்தால் அக்கர்மன் இயக்கிய ‘ஷான் தீல்மான்’ (1975) 201 நிமிடப் படம்; வீட்டிலேயே பாலியல் தொழில் செய்யும் ஓர் இல்லத்தரசியின் மூன்று நாட்கள். வாடிக்கையாளர் ஒருவரை அவள் கொல்லும் கத்தரிக்கோல் குத்து கடைசியில்தான் வருகிறது, ஆனாலும் உறுத்தவில்லை. குறும்படங்களில் அதே முடிவு ஏன் ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது?

பதில் 1: குத்து இரண்டாம் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. முதல் நாள் அவளுடைய ஒழுங்குக்கு நாம் பழகிவிடுகிறோம்: அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைப்பாள், சம்பாதித்த காசைப் போட்டதும் பீங்கான் பாத்திரத்தை மூடுவாள். மறுநாள் மூடி திறந்தே கிடக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துவிட, பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். கத்தரிக்கோலைவிட அந்த இடம்தான் பதற வைக்கிறது.

பதில் 2: கேமராவையும் பாருங்கள். அசையாது, குளோஸப் இல்லை, பின்னணி இசை இல்லை. கொலைக்காகக்கூட அது மாறுவதில்லை. அதற்குப் பிறகும் படம் உடனே முடியாமல், இருட்டில் மேசையருகே உட்கார்ந்திருக்கும் அவளோடு பல நிமிடம் இருக்கிறது.

பதில் 3: 15 நிமிடப் படமென்றால் ஒரே வேலையை ஒரே ஃபிரேமில் மூன்று முறை எடுங்கள். இரண்டாவதில் ஒரே ஒரு பிசகு போதும். பலரும் கெடுப்பது இங்கேதான்: பிசகுக்கு குளோஸப் போட்டு, வயலினையும் சேர்த்துவிடுகிறார்கள். பார்வையாளர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டால் கொலை வெறும் திருப்பமாகிவிடும்.