அண்டார்டிகாவுல மட்டும் ஏன் இவ்ளோ விண்கல்லு கெடைக்குது?

போச்சம்பள்ளி பையன்:
எங்க கொல்லைல ஏர் ஓட்டும்போது கறுப்பா வெயிட்டா ஒரு கல்லு வந்துச்சு, காந்தம் வேற லேசா ஒட்டுது, பக்கத்து வீட்டு மாமா விண்கல்லுன்னு கெளப்பி விட்டுட்டாரு. நெட்ல பாத்தா உலகத்துல எடுத்த விண்கல்லுல பாதிக்கு மேல அண்டார்டிகாவுலயாம். வானத்துல இருந்து விழுறது எல்லா ஊருக்கும் பொதுதானே, அங்க மட்டும் எப்படி?

ராயக்கோட்டை தக்காளி:
வெள்ளை ஐஸ் மேல கறுப்புக் கல்லு பளிச்சுன்னு தெரியும், அவ்ளோதான் மேட்டரு. நம்ம மாவட்டத்துல கறுப்புக் கல்லுக்கா பஞ்சம், கல்லுக்கு நடுவுல கல்லத் தேடணும்.

பாரூர் டீச்சர்:
அது ஒரு காரணந்தாங்க, பெருசு வேற. 1969ல ஜப்பான்காரங்க யமாட்டோ மலைப்பக்கம் ஐஸ ஆராய்ச்சி பண்ணப் போனப்ப கிட்டக்கிட்ட 9 கல்லு கெடைச்சுது. ஒரே கல்லு ஒடைஞ்சு விழுந்திருக்கும்னு பாத்தா லேப்ல அதுல பல வகை இருக்கு! வேறவேற காலத்துல வேறவேற இடத்துல விழுந்தது எப்படி ஒரே எடத்துக்கு வந்துச்சு? அங்க ஐஸ் ஒரே எடத்துல நிக்காது, உள்நாட்டுல இருந்து கடல் பக்கமா மெதுவா நகந்துகிட்டே இருக்கும், மேல விழுந்த கல்லு பனிக்குள்ள பொதைஞ்சு அதோடயே வரும், வழியில மலை மறிச்சா ஐஸ் தேங்கி மேல ஏறும், கே.ஆர்.பி டேம் மதகுல ஆகாயத்தாமரை வந்து அடைஞ்சு நிக்கிற மாதிரி. அடிக்கிற காத்துல ஐஸ் தண்ணியாகாமலே ஆவியாப் போயிடும், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். கல்லு மட்டும் மேல மிச்சம். அதான் நீல ஐஸ் பகுதி. 1976ல இருந்து அண்டார்டிகாவுல விண்கல்லு தேடுற அமெரிக்காவோட ஆன்ஸ்மெட் டீம் மட்டுமே 20,000க்கு மேல எடுத்திருக்காங்க, ஸ்னோமொபைல்ல வரிசையா எடவெளி விட்டுப் போயி தேடுறாங்க, கையால தொட மாட்டாங்க, இடுக்கியால எடுத்து சுத்தமான பைல போட்டு ஐஸ்லயே வெச்சு ஹூஸ்டன்ல இருக்குற நாசா லேபுக்கு அனுப்புவாங்க. 1984ல ஆலன் ஹில்ஸ்ல எடுத்த ஒரு கல்லு செவ்வாயில இருந்து வந்தது, அதுல உயிர் இருந்த தடம் இருக்கலாம்னு 1996ல பெரிய சண்டையே நடந்துச்சு.

போச்சம்பள்ளி பையன்:
சூப்பர் டீச்சர். அப்போ என் கல்லு?

குவாரி மச்சான்:
தம்பி, ஒடைச்ச எடத்துல பொத்தல் பொத்தலா இருக்கா? இருந்தா பெரும்பாலும் இரும்பு உருக்குன சிட்டம். நம்ம பக்கம் இரும்பு வேலை ரொம்பப் பழசு, பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைல கி.மு. 2172ன்னு கார்பன் டேட்டிங் வந்திருக்கு. பொத்தல் இல்லன்னா டைல்ஸ் பின்பக்கம் சொரசொரப்புல தேச்சுப் பாரு, கறுப்புக் கோடு விழுந்தா மேக்னடைட், செவப்பு விழுந்தா ஹெமடைட், ரெண்டுமே நம்ம பூமி இரும்புத் தாதுதான். விண்கல்லு பெரும்பாலும் கோடே போடாது. காந்தம் ஒட்டுறத மட்டும் நம்பாத, நாங்க அறுக்குற கறுப்பு கிரானைட்டுலயே சிலது லேசா இழுக்கும்.

ராயக்கோட்டை தக்காளி:
டீச்சர், அண்டார்டிகா போயி ஒண்ண பாக்கெட்ல போட்டுட்டு வந்தா என்ன பண்ணுவாங்க? நமக்கும் மைத்ரி, பாரதின்னு ஸ்டேஷன் இருக்கே 😄

பாரூர் டீச்சர்:
அண்டார்டிகா ஒப்பந்தத்துல இருக்குற நாடுங்க ஆராய்ச்சிக்குத்தான் எடுக்கலாம்னு வெச்சிருக்காங்க, வியாபாரம் கெடையாது. அதவிட அவசரம் வேற இருக்கு. கறுப்புக் கல்லு வெயில இழுத்து சூடாகி, காத்து மைனஸ்ல இருந்தாலும் அடியில ஐஸ உருக்கி உள்ள போயிடுது. பூமி சூடாக ஆக வருஷத்துக்கு 5,000 கல்லு மாதிரி இப்படிக் கைவிட்டுப் போகுதுன்னு 2024ல ஒரு ஆய்வு. அதனால சாட்டிலைட் தகவல வெச்சு எந்த நீல ஐஸ்ல இருக்கும்னு கம்ப்யூட்டர் மேப் போட்டிருக்காங்க, 2023 ஜனவரில ஒரு டீம் அந்த மாதிரி மேப் பாத்துப் போயி 7.6 கிலோ கல்லு ஒண்ணு எடுத்தாங்க. ஆனா அந்த ட்ரிப்ல மொத்தமே அஞ்சு கல்லுதான்.